அமெரிக்காவின் முதல் அரசு ஏன் நிலைக்கவில்லை? கூட்டமைப்பு விதிகளும் அரசியலமைப்புச் சட்டமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க அரசியலமைப்புச் சட்டம் 1787-இல் எழுதப்பட்டது. சுதந்திரப் பிரகடனமோ 1776-இல் வெளியானது. இடையிலிருந்த பதினோரு ஆண்டுகளைப் பாடநூல்கள் பெரும்பாலும் ஒரே பத்தியில் கடந்துவிடுகின்றன. அந்த ஆண்டுகளைப் பற்றி மாணவர்களும் போட்டித் தேர்வு எழுதுவோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது.

கூட்டமைப்பு விதிகள் என்பவை எவை?

பதின்மூன்று மாநிலங்கள் தமக்குள் செய்துகொண்ட உடன்படிக்கையே கூட்டமைப்பு விதிகள். அமெரிக்காவின் முதல் அரசியலமைப்பு என்று இதனைச் சொல்லலாம். முதல் வரைவை 1776-ஆம் ஆண்டின் கோடையில் ஜான் டிக்கின்சன் எழுதினார். அந்தப் பெயரை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். இந்த வரலாற்றில் அவர் மீண்டும் மீண்டும் வருவார். அவருடைய வரைவில் நடுவண் அமைப்புக்கு ஓரளவு வலிமை இருந்தது. ஆனால் அடுத்த ஆண்டு நடந்த விவாதங்களில், வட கரோலினாவின் தாமஸ் பர்க் முன்னின்று வலியுறுத்தியதால், ஒவ்வொரு மாநிலமும் தன் இறையாண்மையையும் சுதந்திரத்தையும் தன்னிடமே வைத்துக்கொள்கிறது என்ற வாசகம் இரண்டாம் விதியாக இடம்பெற்றது. மூன்றாம் விதி இந்த ஏற்பாட்டை 'உறுதியான நட்புக் கழகம்' என்று குறிப்பிட்டது. அரசு என்ற சொல்லை அங்கே யாரும் பயன்படுத்தவில்லை.

மாநிலப் பேராளர்கள் கூடிய அவையான காங்கிரஸ் 1777 நவம்பர் 15 அன்று இதனை ஏற்றது. எல்லா மாநிலங்களும் ஒப்புதல் அளித்து நடைமுறைக்கு வந்த நாளோ 1781 மார்ச் 1. மேற்கே பரந்து கிடந்த நிலங்களுக்கு வர்ஜீனியா போன்ற பெரிய மாநிலங்கள் உரிமை கோரி வந்தன. அக்கோரிக்கைகளை அவை பொதுவுக்கு விட்டுக்கொடுத்தால்தான் கையெழுத்திடுவோம் என்று மேரிலாந்து உறுதியாக நின்றதே தாமதத்துக்கு முதன்மைக் காரணம். பிரிட்டனுக்கு எதிரான சுதந்திரப் போரின் பெரும்பகுதி நாட்டுக்கென ஒப்புக்கொள்ளப்பட்ட எழுத்துச் சட்டம் ஏதும் இல்லாமலே நடந்து முடிந்தது.

'மாநிலம்', 'காங்கிரஸ்' என்ற சொற்கள் அன்றும் இன்றைய பொருளில்தான் வழங்கினவா?

இல்லை. தமிழில் படிப்பவருக்கு முதல் குழப்பம் இங்கேதான் நேர்கிறது. மாநிலம் என்றதும் ஒரு நாட்டின் உட்பிரிவு நம் மனத்தில் வருகிறது. 1780-களில் ஒரு வர்ஜீனியருக்கு 'என் நாடு' என்றால் வர்ஜீனியாதான். சுதந்திரப் பிரகடனத்தை எழுதிய தாமஸ் ஜெபர்சனே அவ்வாறுதான் எழுதினார். நாட்டுக்கு நாடு தூதுக்குழு அனுப்புவதுபோல, ஒவ்வொரு மாநிலமும் இரண்டு முதல் ஏழு பேராளர்களைக் காங்கிரசுக்கு அனுப்பியது. எத்தனை பேர் வந்தாலும் அந்த மாநிலத்துக்கு ஒரே வாக்கு. வர்ஜீனியாவுக்கும் ஒன்று, மிகச் சிறிய டெலவேருக்கும் ஒன்று. காங்கிரசை இன்றைய நாடாளுமன்றத்தோடு ஒப்பிடுவதைவிடத் தூதர்களின் அவையோடு ஒப்பிடுவதே பொருத்தம்.

இவ்வளவு வலுவற்ற அமைப்பை வேண்டுமென்றேதான் உருவாக்கினார்களா?

ஆம். இதில் வியக்க எதுவும் இல்லை. தொலைவில் இருந்த ஒரு நாடாளுமன்றம் தங்கள் ஒப்புதல் இல்லாமல் வரி விதித்ததை எதிர்த்தே அவர்கள் ஆயுதம் ஏந்தியிருந்தார்கள். அந்தப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே, வரி விதிக்கும் உரிமையுள்ள இன்னொரு தொலைதூர அவையை யாரும் உருவாக்கப் போவதில்லை. ஆகவே வரி விதிக்கும் அதிகாரமும் வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரமும் காங்கிரசுக்கு இல்லை. தனி நிர்வாகத் தலைவர் இல்லை. பொது நீதித்துறையும் இல்லை. போர், உடன்படிக்கை, கடன் போன்ற முக்கிய முடிவுகளுக்கு ஒன்பது மாநிலங்களின் இசைவு தேவைப்பட்டது. விதிகளில் ஒரு சொல்லைத் திருத்தவும் பதின்மூன்று மாநிலங்களும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் அடிப்படைக் குறை எது?

இந்தக் குறைகளைப் பட்டியலிட்டு மனப்பாடம் செய்வது எளிது. என் கருத்தில் அவை அனைத்தும் ஒரே வேரிலிருந்து முளைத்தவை. காங்கிரஸ் மாநில அரசுகளோடு மட்டுமே பேச முடிந்தது. எந்த ஒரு மனிதரோடும் நேரடியாகப் பேச முடியவில்லை. ஒரு வணிகரிடம் வரி வாங்கவோ, ஒரு குடியானவரைப் படைக்கு அழைக்கவோ, ஒரு குற்றவாளியை நீதிமன்றத்தில் நிறுத்தவோ அதனால் இயலாது. மாநிலங்களுக்குக் கடிதம் எழுதலாம். மாநிலம் மறுத்தால் மீண்டும் ஒரு கடிதம் எழுதலாம். நியூயார்க்கின் அலெக்சாண்டர் ஹாமில்டன் பின்னாளில் இதையே அந்த ஏற்பாட்டின் பெரிய, வேரோடிய குறை என்று எழுதினார். தனிமனிதர்களுக்குச் சட்டம் இயற்றாமல் அரசுகளுக்குச் சட்டம் இயற்ற முயன்றதே தவறு என்பது அவர் வாதம்.

வரி விதிக்க முடியாததால் நடைமுறையில் என்ன ஆயிற்று?

போர்க்காலத்தில் காங்கிரஸ் காகிதப் பணத்தை அச்சிட்டுச் செலவை ஈடுகட்டியது. ஏறத்தாழ 24 கோடி டாலர் அளவுக்கு அச்சிட்ட பின், 1780 மார்ச்சில், நாற்பது காகித டாலருக்கு ஒரு வெள்ளி டாலர் என்று காங்கிரசே மதிப்பைக் குறைத்தது. ஒன்றுக்கும் உதவாத பொருளை, 'கான்டினென்டல்' எனப்பட்ட அந்தப் பணத்தின் பெயரால் சுட்டும் வழக்கு ஆங்கிலத்தில் இன்றும் உண்டு.

அதன் பிறகு எஞ்சியிருந்த வழி, மாநிலங்களிடம் பங்குத் தொகை கேட்பது. ஒவ்வொரு மாநிலத்திலும் உள்ள நிலம், கட்டடங்கள் ஆகியவற்றின் மதிப்பை வைத்துப் பங்கைக் கணக்கிட வேண்டும் என்று விதி கூறியது. ஆனால் அந்த மதிப்பீட்டை நம்பத்தக்க முறையில் செய்து முடிக்க முடியவே இல்லை. 1782-ஆம் ஆண்டுச் செலவுக்கென்று 80 லட்சம் டாலர் கேட்கப்பட்டது. அந்த ஆண்டு முடியும்போது வந்து சேர்ந்தது 4 லட்சத்துக்குச் சற்று மேல். நிதிப் பொறுப்பிலிருந்த ராபர்ட் மோரிஸ், பல வேளைகளில் தம் சொந்தப் பெயரின் நம்பிக்கையில் கைச்சீட்டு எழுதிக் கொடுத்துச் செலவைச் சமாளித்தார். ஓர் அரசின் சொல்லைவிட ஒரு வணிகரின் கையெழுத்துக்குச் சந்தையில் மதிப்பு அதிகமாக இருந்தது.

இறக்குமதிப் பொருள்களுக்கு 5 விழுக்காடு சுங்கவரி விதிக்க அனுமதி கேட்டு 1781-இல் ஒரு திருத்தம் முன்மொழியப்பட்டது. 1782-இல் ரோட் ஐலண்டு மறுத்தது, திருத்தம் விழுந்தது. 1783-இல் இன்னொரு வடிவத்தில் அதே கோரிக்கை சென்றது. இம்முறை தடையாக நின்றது நியூயார்க். தன் துறைமுகத்தில் வசூலாகும் பணத்தை விட்டுக்கொடுக்க அதற்கு மனமில்லை. பிரான்சிடம் வாங்கிய கடனுக்கு வட்டி கட்டுவது 1785-இல் நின்றுபோனது.

சம்பளம் கிடைக்காத படைவீரர்கள் என்ன செய்தார்கள்?

இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்ல வேண்டும். முதலாவது 1783 மார்ச்சில், நியூயார்க்கின் நியூபர்க் பாசறையில் நடந்தது. போர் முடியும் தறுவாயில் இருந்தது. அதிகாரிகளுக்குச் சம்பள பாக்கியும் ஓய்வூதிய வாக்குறுதியும் நிலுவையில் கிடந்தன. ஆயுதத்தைக் கீழே வைக்காமல் காங்கிரசுக்கு நெருக்கடி கொடுக்கலாம் என்று தூண்டும் கையெழுத்தில்லாத கடிதங்கள் பாசறையில் சுற்றின. மார்ச் 15 அன்று அதிகாரிகள் கூடிய மண்டபத்துக்குப் படையின் தலைமைத் தளபதி ஜார்ஜ் வாஷிங்டன் எதிர்பாராமல் வந்து பேசினார். பேச்சில் முகங்கள் இளகவில்லை. பிறகு ஒரு காங்கிரஸ் உறுப்பினரின் கடிதத்தைப் படிக்க எடுத்தார். எழுத்து தெரியாமல் தடுமாறினார். சட்டைப்பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்தார். நாட்டுக்கு உழைத்ததில் தலை நரைத்தது மட்டுமன்றிக் கண்ணும் மங்கிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள் என்ற பொருள்படச் சொன்னதாக அங்கிருந்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அவர் கண்ணாடி அணிந்து அவர்களில் பெரும்பாலோர் பார்த்ததே இல்லை. சிலர் கண் கலங்கினார்கள். சதி அத்தோடு கலைந்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெகிழ்ச்சியோடு அச்சமும் எழுகிறது. ஒரு குடியரசின் உயிர் அன்று ஒரு மனிதரின் மதிப்பை மட்டுமே நம்பி நின்றது.

இரண்டாவது, அதே ஆண்டு ஜூன் 21 அன்று பிலடெல்பியாவில் நடந்தது. சம்பளம் கேட்டுச் சில நூறு வீரர்கள் காங்கிரஸ் கூடியிருந்த கட்டடத்தைத் துப்பாக்கிகளோடு சூழ்ந்துகொண்டார்கள். காங்கிரசுக்கென்று காவல் படை இல்லை. பென்சில்வேனிய அரசிடம் குடிப்படையை (குடிமக்களைக் கொண்ட மாநிலப் படையை) அழைக்கச் சொல்லிக் கேட்டது; அம்மாநிலத்தின் நிர்வாகக் குழுத் தலைவர் அதற்கு இசையவில்லை. அந்தத் தலைவர், கூட்டமைப்பு விதிகளின் முதல் வரைவை எழுதிய அதே ஜான் டிக்கின்சன். காங்கிரஸ் பிரின்ஸ்டனுக்கு வெளியேறியது. பின்பு அனாபொலிஸ், டிரென்டன், நியூயார்க் என்று இடம் மாறிக்கொண்டே இருந்தது.

பிரிட்டனுடன் செய்த சமாதான உடன்படிக்கையை ஏற்கவே போதிய உறுப்பினர்கள் வரவில்லை என்பது உண்மையா?

உண்மையே. பாரிஸ் உடன்படிக்கை 1783 செப்டம்பர் 3 அன்று கையெழுத்தானது. ஆறு மாதங்களுக்குள் இரு தரப்பின் ஒப்புதல் ஆவணங்களும் பரிமாறப்பட வேண்டும். கப்பல் பயணத்துக்கே பல வாரங்கள் பிடிக்கும் காலம் அது. டிசம்பர் 23 அன்று அனாபொலிஸ் நகரில் வாஷிங்டன் தம் தளபதிப் பதவியைக் காங்கிரசிடம் திருப்பி ஒப்படைத்தபோது, அவையில் இருந்தவை ஏழு மாநிலங்களே. உடன்படிக்கையை ஏற்க ஒன்பது தேவை. ஏழு போதுமென்று சிலர் வாதிட்டார்கள். ஜெபர்சன் அதை எதிர்த்தார். கனெக்டிகட் பேராளர்கள் வந்து சேர்ந்தார்கள். நோயுற்றுப் பிலடெல்பியாவில் தங்கியிருந்த தென் கரோலினாவின் ரிச்சர்ட் பெரஸ்போர்டும் வந்த பின், 1784 ஜனவரி 14 அன்று ஒப்புதல் நிறைவேறியது. எட்டு ஆண்டுப் போரில் வென்றெடுத்த சுதந்திரத்தின் பத்திரம், ஓர் ஆள் பயணம் செய்யும் உடல்நிலையில் இருக்கிறாரா என்பதற்காகக் காத்துக் கிடந்தது. ஆவணங்கள் கெடுவுக்குள் ஐரோப்பா போய்ச் சேரவில்லை. பிரிட்டன் அதைப் பெரிதுபடுத்தாததால் 1784 மே மாதத்தில் பரிமாற்றம் முடிந்தது.

மாநிலங்களுக்கிடையே வணிகம் எப்படி இருந்தது?

ஒவ்வொரு மாநிலமும் தன் விருப்பப்படி வரி வைத்தது. சொந்தப் பெருந்துறைமுகம் இல்லாத நியூ ஜெர்சிக்கு ஒருபுறம் நியூயார்க், மறுபுறம் பிலடெல்பியா; எந்த வழியாகப் பொருள் வந்தாலும் வரி அண்டை மாநிலத்துக்கே சென்றது. இரு பக்கமும் துளையிட்ட பீப்பாய் என்று வர்ஜீனியாவின் ஜேம்ஸ் மேடிசன் அம்மாநிலத்தை வருணித்தார். வர்ஜீனியாவுக்கும் தென் கரோலினாவுக்கும் நடுவே இருந்த வட கரோலினாவை, இரு கைகளிலும் குருதி வடியும் நோயாளி என்றார். நியூ ஜெர்சி வாளாவிருக்கவில்லை. தன் எல்லைக்குள் இருந்த சாண்டி ஹூக் கலங்கரை விளக்கம் நியூயார்க்குக்குச் சொந்தம் என்பதால், அதன் மீது வரி விதித்துப் பதிலடி கொடுத்தது. 1786-இல், இனிக் காங்கிரசுக்குப் பங்குத் தொகை தர முடியாது என்றும் அறிவித்தது.

வெளிநாடுகள் இந்த அரசை எப்படி நடத்தின?

அதன் கையாலாகாத்தனத்தை அறிந்தே நடத்தின. உடன்படிக்கைப்படி விட்டுச்செல்ல வேண்டிய டெட்ராய்ட், நயாகரா முதலிய கோட்டைகளைப் பிரிட்டன் 1796 வரை விடவில்லை. பிரிட்டிஷ் வணிகர்களுக்குச் சேர வேண்டிய பழைய கடன்களை வசூலிக்க அமெரிக்க மாநிலங்கள் தடை போடுகின்றனவே என்று அது காரணம் காட்டியது; அக்காரணத்தில் உண்மையும் இருந்தது. ஸ்பெயின் 1784-இல் மிசிசிப்பி ஆற்றின் கீழ்ப்பகுதியை அமெரிக்கப் படகுகளுக்கு மூடியது. 1785-இல் அல்ஜியர்ஸ் கடற்கொள்ளையர் இரண்டு அமெரிக்கக் கப்பல்களைப் பிடித்து மாலுமிகளைச் சிறைவைத்தனர். அவர்களை மீட்கக் காங்கிரசிடம் பணமும் இல்லை, போர்க்கப்பலும் இல்லை.

ஷேஸ் கிளர்ச்சிக்கும் அரசியலமைப்புக்கும் என்ன தொடர்பு?

மாசசூசெட்ஸ் அரசு தன் போர்க்கடனை அடைக்க வரியைக் கடுமையாக உயர்த்தி, அதை உலோக நாணயத்தில் கட்டச் சொன்னது. மேற்குப் பகுதி உழவர்களிடம் நாணயம் கிடையாது. கடனுக்காக நிலமும் மாடும் ஜப்தி செய்யப்பட்டன. சிலர் சிறைக்கும் போனார்கள். அவர்களில் பலர் சம்பளமே பெறாமல் வீடு திரும்பிய முன்னாள் படைவீரர்கள். 1786 ஆகஸ்ட் 29 அன்று நார்தாம்ப்டன் நகரில் திரண்டவர்கள் நீதிமன்றத்தை நடக்கவிடாமல் தடுத்தார்கள். நீதிமன்றம் நடக்காவிட்டால் ஜப்தி ஆணையும் பிறக்காது என்பது அவர்கள் கணக்கு. முன்னாள் படைத்தலைவர் டேனியல் ஷேஸின் பெயரால் அக்கிளர்ச்சி அறியப்படுகிறது.

1787 ஜனவரி 25 அன்று அவர்கள் ஸ்பிரிங்பீல்டில் இருந்த ஆயுதக் கிடங்கை நோக்கிப் பனியில் நடந்தார்கள். அது காங்கிரசுக்குச் சொந்தமான கிடங்கு. ஆனால் அதைக் காக்கக் காங்கிரசால் படை அனுப்ப முடியவில்லை. மாநிலக் குடிப்படை பீரங்கியால் சுட்டதில் நான்கு கிளர்ச்சியாளர்கள் இறந்தார்கள். எஞ்சியவர்களை விரட்டிச் சென்ற ஜெனரல் பெஞ்சமின் லிங்கனின் படைக்குப் பாஸ்டன் செல்வர்கள் நன்கொடை திரட்டிப் பணம் கொடுத்திருந்தார்கள்.

கிளர்ச்சியாளர்களை வெறும் கலகக்காரர் என்று ஒதுக்குவது நியாயமன்று. அவர்களுடைய துன்பம் மெய்யானது. அடுத்த தேர்தலில் ஆளுநர் பௌடன் தோற்றதும் அதைக் காட்டுகிறது. பாரிசிலிருந்த ஜெபர்சன், அவ்வப்போது ஒரு சிறு கிளர்ச்சி நல்லதே என்று மேடிசனுக்கு எழுதினார். ஆனால் வாஷிங்டன் கலங்கிப்போனார். அவருடைய செல்வாக்கைப் பயன்படுத்திக் கலகத்தை அமைதிப்படுத்தலாமே என்று ஒரு நண்பர் எழுதியபோது, 'செல்வாக்கு என்பது அரசாங்கம் ஆகாது' என்று 1786 அக்டோபரில் பதில் எழுதினார். நியூபர்க் மண்டபத்தில் தம் செல்வாக்கு ஒன்றாலேயே படையை அடக்கிய மனிதர் இதை எழுதுகிறார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அந்தப் பழைய காங்கிரஸ் உருப்படியாக எதையும் செய்யவில்லையா?

செய்தது. போரை நடத்தியது, சாதகமான சமாதானத்தைப் பெற்றது. 1785-ஆம் ஆண்டு நிலச் சட்டம் மேற்கு நிலங்களை ஆறு மைல் சதுரங்களாக அளந்து, ஒவ்வொன்றையும் 36 பகுதிகளாகப் பிரித்து, 16-ஆம் பகுதியைப் பள்ளிக்கென ஒதுக்கியது. 1787 ஜூலை 13 அன்று நிறைவேறிய வடமேற்குச் சட்டம், ஒகையோ ஆற்றுக்கு வடக்கே அடிமை முறையைத் தடைசெய்ததோடு, புதிய பகுதிகள் சம உரிமையுள்ள மாநிலங்களாகச் சேரவும் வழிசெய்தது. இப்படி அளந்து விற்கப்பட்ட நிலம் பூர்வகுடி மக்கள் வாழ்ந்த நிலம் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

புதிய சட்டம் எழுத மாநாட்டுக்கு அதிகாரம் இருந்ததா?

கண்டிப்பாகப் பார்த்தால் இல்லை. 1786 செப்டம்பரில் அனாபொலிஸில் வணிகச் சிக்கல்களைப் பேச ஒரு கூட்டம் நடந்தது. ஐந்து மாநிலங்களிலிருந்து பன்னிரண்டு பேர் மட்டுமே வந்தார்கள். தலைமை வகித்தவர், மறுபடியும், டிக்கின்சன். ஹாமில்டன் எழுதிய அறிக்கையோடு கூட்டம் கலைந்தது: அடுத்த மே மாதம் பிலடெல்பியாவில் எல்லா மாநிலங்களும் கூட வேண்டும் என்றது அந்த அறிக்கை. 1787 பிப்ரவரி 21 அன்று காங்கிரஸ் இசைந்தது. ஆனால் கூட்டமைப்பு விதிகளைத் திருத்துவது ஒன்றே நோக்கம் என்று தெளிவாக எழுதியது.

மே 25 அன்று மாநாடு தொடங்கியது. ரோட் ஐலண்டு வரவில்லை. மற்ற பன்னிரண்டு மாநிலங்களிலிருந்து மொத்தம் 55 பேர் கலந்துகொண்டனர். கதவை மூடிக்கொண்டு, வெளியே ஒரு சொல் போகாமல் பேசினர். நான்கே நாள்கள் கழித்து, மே 29 அன்று, வர்ஜீனியாவின் திட்டம் பழைய விதிகளை ஓரமாக வைத்துவிட்டது. எல்லா மாநிலங்களின் ஒப்புதலும் வேண்டும் என்ற பழைய விதியையும் மீறி, ஒன்பது மாநிலங்கள் ஏற்றால் போதும் என்று முடிவு செய்தார்கள். இது விதிமீறல் என்று அன்றே குற்றம் சாட்டப்பட்டது. விதிமீறல்தான் என்பது என் கருத்தும். ஆனால் ஒரே மாநிலம் பதின்மூன்றையும் முடக்கிவைக்கும் விதியை அந்த விதியின்படியே மாற்றுவதற்கு இரண்டு முறை முயன்று தோற்றிருந்தார்கள் என்பதையும் மறக்கலாகாது.

மாநாட்டில் செய்துகொண்ட சமரசங்கள் எவை?

சிறிய மாநிலங்களும் பெரிய மாநிலங்களும் பிரதிநிதித்துவம் குறித்து ஏழு வாரம் மோதின. ஜூலை 16 அன்று, ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் முடிவு பிறந்தது: பிரதிநிதிகள் சபையில் மக்கள்தொகைப்படி இடம், செனட்டில் மாநிலங்களுக்குச் சம இடம்.

மற்றொரு சமரசம் மனச்சான்றை உறுத்துவது. பிரதிநிதிகளைக் கணக்கிடும்போது அடிமைகளில் ஐந்தில் மூன்று பங்கைச் சேர்க்க ஒப்புக்கொண்டார்கள். இந்த விகிதம் 1783-இல் மாநிலங்களின் வரிப் பங்கைக் கணக்கிடுவதற்காகக் காங்கிரசில் முன்மொழியப்பட்டது. பழைய அமைப்பின் தோற்றுப்போன பண யோசனை ஒன்று, புதிய சட்டத்தில் அடிமை உடைமையாளர்களின் அரசியல் வலிமையாக மாறியது. அடிமை இறக்குமதியை 1808 வரை தடைசெய்ய முடியாது என்றும், தப்பியோடிய அடிமைகளைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்றும் எழுதினார்கள். ஒன்றியத்துக்கு அவர்கள் கொடுத்த விலையைச் செலுத்தியவர்கள் அந்த அறையில் இல்லை.

'மக்களாகிய நாம்' என்ற தொடக்கம் எப்படி வந்தது?

ஆகஸ்ட் 6 அன்று வைக்கப்பட்ட வரைவின் முகவுரை, ஒவ்வொரு மாநிலத்தின் பெயரையும் வரிசையாகச் சொல்லி, 'இம்மாநிலங்களின் மக்களாகிய நாம்' என்ற முறையில் அமைந்திருந்தது. செப்டம்பரில் நடையைச் செப்பனிட்ட குழுவில் இருந்த கவர்னூர் மோரிஸ் அப்பெயர்களை நீக்கி, 'ஐக்கிய மாநிலங்களின் மக்களாகிய நாம்' என்று மாற்றினார். எந்த ஒன்பது மாநிலங்கள் ஏற்கும் என்பது தெரியாதபோது பெயர்களை எழுத முடியாது என்பது நடைமுறைக் காரணம். விளைவோ மிகப் பெரிது. புதிய அரசு இனி மாநிலங்களுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிராது. தன் வரியை, தன் சட்டத்தை, தன் நீதிமன்றத்தைக் கொண்டு மனிதர்களிடம் நேரே பேசும்.

எதிர்ப்பாளர்கள் இதை உடனே புரிந்துகொண்டார்கள். 1788 ஜூனில், சட்டத்தை ஏற்பதா என்று முடிவு செய்யக் கூடிய வர்ஜீனிய மாநாட்டில் பாட்ரிக் ஹென்றி எழுந்து, 'மாநிலங்களாகிய நாம்' என்னாமல் 'மக்களாகிய நாம்' என்று சொல்ல இவர்களுக்கு யார் உரிமை தந்தது என்று கேட்டார். சரியான இடத்தில் கை வைத்த கேள்வி அது. 'இந்திய மக்களாகிய நாம்' என்று தொடங்கும் நம் முகவுரையைப் படித்தவர்களுக்கு அந்த மாற்றத்தின் கனம் விளங்கும்.

மாநிலங்கள் எளிதில் ஏற்றனவா?

சில ஏற்றன. டெலவேர் 1787 டிசம்பர் 7 அன்று ஒருமனதாக ஏற்றது. மாசசூசெட்ஸில் 187-க்கு 168. உரிமைகளுக்கான திருத்தங்களைப் பரிந்துரைத்த பிறகே அதுவும் கிடைத்தது. 1788 ஜூன் 21 அன்று நியூ ஹாம்ப்ஷயர் ஒன்பதாவதாக ஏற்றதும் சட்டம் உயிர் பெற்றது. வர்ஜீனியாவில் 89-க்கு 79, நியூயார்க்கில் 30-க்கு 27. ரோட் ஐலண்டு 1790 மே 29 அன்று, வாஷிங்டன் குடியரசுத் தலைவராகி ஓராண்டு கடந்த பின், 34-க்கு 32 என்ற கணக்கில் கடைசியாக வந்தது. எதிர்த்தவர்களின் உழைப்பும் வீண்போகவில்லை. 1791 டிசம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்த உரிமைகள் சாசனம் அவர்கள் வற்புறுத்திப் பெற்றது.

பழைய காங்கிரஸ் என்ன ஆயிற்று?

யாரும் அதைக் கலைக்கவில்லை. 1788 அக்டோபருக்குப் பிறகு தேவையான எண்ணிக்கையில் உறுப்பினர்கள் கூடவே இல்லை. அதன் செயலாளர் சார்லஸ் தாம்சன், 1774-இல் முதல் கூட்டம் கூடிய நாளிலிருந்து அந்தப் பதவியில் இருந்தவர். பிலடெல்பியாவிலிருந்து நியூயார்க் வரை காங்கிரஸ் போன இடமெல்லாம் அதன் ஏடுகளோடு போனவர். 1789 ஜூலையில் அவர் வாஷிங்டனுக்குத் தம் விலகல் கடிதத்தை எழுதினார். பதினைந்து ஆண்டுகளின் பதிவேடுகளையும், தாள்களையும், தாம் வடிவமைக்க உதவிய நாட்டின் பெரிய முத்திரையையும் ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்பினார்.